செங்கல்பட்டில் ஸ்கேன், மாமல்லபுரத்தில் ஒரு பாறை

இளமையில் ஆந்திர மலைப்பக்கம் ஒரு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அந்தத் தூசிக்கு இருக்கும் பொறுமை நானறிந்த எந்த மனிதருக்கும் கிடையாது. நுரையீரலில் முப்பது வருடம்கூடச் சும்மா கிடக்கும். பிறகு மூச்சை இறுக்கும், சிலருக்குப் புற்றாகும். கூட வேலை பார்த்தவர் ஒருவர் போன மாதம் அப்படிப் போனதும் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன். செங்கல்பட்டில் ஸ்கேன், மாமல்லபுரத்தில் கடல். கடலைச் சேர்த்தது, மனைவி மரகதம் துணைக்கு வருவாள் என்பதற்காக.

ஊரப்பாக்கத்தில் காலை 7.40 மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய், சுமார் இருபது கிலோமீட்டர். செங்கல்பட்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் என் எக்ஸ்ரே உறையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், நெஞ்சு டாக்டரா? குந்து, நூறு ரூபா."

"பக்கத்துலதானே இருக்கு?" என்றாள் மரகதம்.

"பக்கம்தாம்மா. மூச்சு வாங்காம நடந்துடுவாரா சாரு?"

கொடுத்தேன்.

டாக்டர் இளம்பெண். சுரங்கக் கதையைக் கேட்டுவிட்டு, "வேலைத் துணியை யார் துவைச்சது?" என்றார்.

மரகதம் முந்திக்கொண்டாள். "நான்தான், வேற யாரு? மாவு மில்லுலேர்ந்து வந்த மாதிரி இருப்பாரு. நல்லா உதறிட்டுத்தான் தண்ணில போடுவேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்கு இருமல் உண்டாம்மா?"

"அது வீஸிங். பனிக்கு வரும்."

"நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

"துணைக்கு வந்தவளுக்குமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் மாலை ஐந்துக்கு. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ், ஒரு மணி நேரம். வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவில் உருளாமல் நிற்பதை எல்லோரும் படமெடுக்கிறார்கள். மரகதம் அதன் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க வேண்டாம், வந்துடு."

"இத்தனை காலம் விழாதது இன்னிக்கா விழப்போகுது?"

சரிவேறியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எத்தனையோ வருடமாகப் பக்கத்தில் கேட்ட மூச்சுதான். இன்றுதான் உற்றுக் கேட்டேன்.

ஐந்து மணிக்குச் செங்கல்பட்டில் என் ரிப்போர்ட் கைக்கு வந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை, வருடம் ஒருமுறை வந்தால் போதும். அவளுடையதைத் தரவில்லை. "டாக்டர் நேர்ல பேசணுமாம், உட்காருங்க" என்றார்கள்.

"ஏங்க, ஆறு மணி ரயில் போயிடுமே" என்றாள். போனது.

இதே பயணம் போகவிருக்கும் பழைய சுரங்கக்காரர்களுக்கு: பாறைக்கு வெயில் தாழ்ந்து போங்கள். மூச்சுத் திணறும்வரை காத்திருக்காதீர்கள். எங்கே, எத்தனை வருடம் வேலை என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் துணியைத் துவைத்தவரைத் துணைக்கு அழைத்துப் போகாதீர்கள். அவரை முதலில் காட்டுங்கள். நீங்கள் துணைக்குப் போங்கள்.