‘பார்த்தேன்’ பொத்தான்

ரயில் பெட்டியின் எண்ணைச் சொல்வதற்கு முன் பிரிவுத் தலைவர் தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொள்கிறார். “நாலு, ஏழு, சைபர், ரெண்டு…” பக்கத்து மேசைக்காரர் அதைத் திருப்பிச் சொல்கிறார். எதிர் மேசைப் பெண் தட்டச்சு செய்கிறார். ரயில் நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் காலை முழுக்க இந்தப் பாராயணம்தான். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் கையைத் தூக்கி, “ஒரு நிமிஷம்” என்பார். பெயரே ஒருநிமிஷம் சார் என்றாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் வந்தவர் கீழே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம்.

எந்தப் பெட்டி பழுது என்பது ஒரு மென்பொருளில் இருக்கிறது. பழுதுபார்க்கும் ஷெட்டுக்கு வேறொரு மென்பொருள். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை அற்றுப்போன ஓரகத்திகள் மாதிரி இரண்டும் முகம் பார்க்காது. ஒன்றிலிருந்து அச்செடுத்து இன்னொன்றில் அடிப்பதற்காகவே ஒரு பிரிவு, அதற்கு நான்கு நாற்காலிகள், அதற்குத் தலைவர் ஒருநிமிஷம் சார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தான் வேலைக்குச் சேரும்போதே அது பழசு என்பதைச் சொத்து விவரம்போலச் சொல்வார்.

இதைப் புதுப்பிக்க வெளியிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்தார். இளம்பெண். மடிக்கணினியோடு பக்கத்தில் உட்கார்ந்து பாராயணத்தை முழுதாகக் கேட்டார்.

“எதுக்கு சார் சத்தமா படிக்கிறீங்க?”

“தப்பு வரக்கூடாதுல்லம்மா.”

“தப்பு எங்க வரும்?”

“நாங்க அடிக்கிறப்பதான்.”

“அடிக்கவே வேண்டாம்னா?”

ஒருநிமிஷம் சார் கொஞ்சம் யோசித்தார். “அப்ப தப்பே வராதே! தப்பே வரலைன்னா அதைக் கண்டுபிடிக்க நாங்க எதுக்கு?”

கேட்டு முடித்த பிறகுதான் தன் கேள்வியே அவருக்கு உறைத்தது. இரண்டு மென்பொருளும் ஒன்றானால் நான்கு நாற்காலிகளும் போய்விடும்.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. புதிய மென்பொருளை மேலாளர் முன்னால் போட்டுக் காட்டிய அன்று முதலில் கைதட்டியவர் அவர்தான். “பிரமாதம் சார். பாப்பா அசத்திடுச்சு. ஒரே ஒரு சின்ன விஷயம். மனுஷக் கண்ணு படாம பெட்டி ஷெட்டுக்குப் போகலாமா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேப்பாங்க?”

மேலாளருக்கு வியர்த்தது. கேட்பதென்றால் அவரைத்தான் கேட்பார்கள். இடையில் ஒருவர் பார்த்து அனுப்பட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

வடிவமைப்பாளர் வராந்தாவில் மடக்கினார். “நீங்க என்னத்த சார் பாப்பீங்க?”

“பெட்டியை.”

“பெட்டி யார்டுல நிக்குது. நீங்க மூணாவது மாடியில இருக்கீங்க.”

“அதனாலதாம்மா ரொம்பக் கவனமா பாக்கணும்.”

பிரிவுத் தலைவரான ஒருநிமிஷம் சாரின் கையெழுத்து இல்லாமல் மென்பொருள் வெளிவராது. வராவிட்டால் அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் அம்போ. அடுத்த வாரமே திரையில் ‘பார்த்தேன்’ என்று ஒரு பச்சைப் பொத்தான் முளைத்தது. “இன்னும் கொஞ்சம் பெருசா” என்றார். பெரிதாயிற்று. தன்னைத் தவிர யாரும் அழுத்தக்கூடாது என்றார். கடவுச்சொல் தரப்பட்டது. கையெழுத்துப் போட்டார். பிரிவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

தன் அருமையை ஊருக்குக் காட்ட ஆசை வந்தது. காய்ச்சல் என்று விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். பெட்டிகள் தேங்கும், நடைமேடையில் கூட்டம் கத்தும், மேலாளர் கெஞ்சுவார், தான் இருமிக்கொண்டே எழுந்து போகலாம் என்பது திட்டம். கைப்பேசியை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தார். சாயங்காலம்வரை அது மூச்சு விடவில்லை.

“யாரும் கூப்பிடலையா?” என்றார் மனைவி.

“டவர் இல்லைன்னு நெனைக்கிறேன்.”

“இதுலதானே இப்ப என் தங்கச்சிகூட அரை மணி நேரம் பேசினேன்?”

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் காய்ச்சல் தானாக விட்டது.

அலுவலகத்தில் திரையைத் திறந்தால், விடுப்பில் இருந்த நாட்களின் பெட்டிகள் அத்தனையும் அவருடைய ‘பார்த்தேன்’ஐ எதிர்பார்த்து வரிசையில் நின்றன. வயிறு குளிர்ந்தது. முதல் பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போன் போட்டார்.

“அந்தப் பெட்டியா சார்?” என்றார் ஃபோர்மேன். “முந்தாநாளே வந்துச்சு, வேலை முடிஞ்சுது, வண்டியில கோத்துக் கிளம்பியே போயிருச்சே. ஏன், ஏதாவது பிரச்சினையா?”

“இல்லல்ல. சும்மாதான் கேட்டேன்.”

போனை வைத்தார். பொத்தான் திரையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் நம்மைக் கிள்ளுக்கீரையாக நினைத்துவிட்டாளே என்று ரத்தம் கொதித்தது. நேரே மேலாளர் அறைக்குப் போக எழுந்தார். போய் என்ன சொல்வது? இரண்டு நாள் நான் பார்க்கவில்லை, ஒன்றுமே ஆகவில்லை என்றா? கதவுவரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“என்ன சார், எல்லாம் தேங்கிக் கெடக்குதா?” என்று பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“பின்ன? நான் பாக்காம எப்படிய்யா நகரும்?”

திரையைச் சுவர்ப் பக்கமாக லேசாகத் திருப்பிவைத்துவிட்டு, என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாக, கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்து அழுத்தத் தொடங்கினார்.