இரண்டு வாய் அரிவாள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்குக் காடு இருக்கிறது, உழவு மாடு இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். வருசத்துக்கு ஒரு தடவை அவர் அரிவாள்மேல் ஏறி நிற்பார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பாளையம்பட்டியில் பஸ்ஸுச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன முதல் ஆடியில்தான், என் வீட்டுக்காரர்தான் கருப்பசாமி கோயில் சாமியாடி என்று தெரிந்தது. நீள அரிவாளை இரண்டு பேர் தோளில் தாங்குவார்கள். அவர் அதன் கூர்மேல் வெறுங்காலோடு ஏறி நின்று ஊருக்கு வாக்குச் சொல்வார்.

வெட்டாமலிருக்கப் பூசாரி அரிவாளுக்குக் கட்டுப் போடுவார். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கூரின் நீளத்துக்கும் தேய்த்து, மந்திரம் முணுமுணுத்து, அந்த ஓரத்தில் வரிசையாகக் குங்குமப் பொட்டு வைப்பார். சாமியாடியின் பெண்டாட்டிக்கும் ஒரு விதி உண்டு. கட்டுப் போட்டதிலிருந்து அவர் இறங்கும்வரை அவள் ஒரு சொல் பேசக் கூடாது, பேசினால் கட்டு அவிழ்ந்துவிடும். என் பேச்சுக்குப் பயந்த ஊருக்கு அந்த ஒரு நாள்தான் நிம்மதி.

எழுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு வருசமாக மழை ஏமாற்றியிருந்தது. ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் நேர்த்திக்கடனாக ஒரு புது ஆயுதம் அடித்துக் கொண்டுவந்தார். முன்பக்கம் அரிவாள். முதுகு மொண்ணையாக இல்லாமல், அதன் நெடுகக் கோடாலி வாய்போல இன்னொரு கூர். சாமிக்கு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்றார். அவர் ஏறப் போவதில்லையே, ஏன் சொல்ல மாட்டார்?

காலையில் பூசாரி அரிவாள் வாய்க்கு மட்டும் பழம் தேய்த்தார். பழத்தட்டோடு நின்ற நான், அவர் மந்திரம் தொடங்கும் முன்பே, மறுபக்கத்துக்கு என்று கேட்டேன். ஒரு ஆயுதத்துக்கு ஒரு கட்டுதான் என்றார். கோடாலி வாய் தனி இரும்பு, தனியாக அடித்துச் சேர்த்தது, ஆகவே இது இரண்டு ஆயுதம் என்றார் பெரிய வீட்டுக்காரர். பிடி ஒன்றுதானே என்றார் பூசாரி. ஒரே பிடியில் இரண்டு கட்டுப் போட்டால் ஒன்றை ஒன்று அறுத்துவிடும், இரண்டும் போய்விடும் என்று அடித்துச் சொன்னார். கடைசியில், ஏறப்போவது ஒரு பக்கம்தானே, பொட்டு வைக்கிற பக்கம் மேலே இருந்தால் போதும் என்று முடித்தார்கள். பூசாரி மந்திரம் சொல்லிப் பொட்டு வைத்ததும் நான் பேச்சை நிறுத்தினேன்.

உச்சி வெயிலில் கொட்டு முழங்கியது. மழை வாக்குக் கேட்கக் கூட்டம் நெருக்கியடித்தது. அந்தத் தள்ளுமுள்ளில்தான், தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஆயுதத்தைத் தூக்கினார்கள். வழக்கமான அரிவாளென்றால் மொண்ணை முதுகை யாரும் மேலே வைக்க மாட்டார்கள். இதில் எந்தப் பக்கம் மேலே வந்தாலும் கூர்தான். தூக்கியவர்களுக்கும் தெரியவில்லை, சாம்பிராணிப் புகையில் பூசாரிக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பொட்டுகள் கீழே இருந்தன.

கத்தினால், போட்ட கட்டும் என்னால் அவிழ்ந்துபோகும். கத்தாவிட்டால் கட்டே இல்லாத வாய்மேல் அவர் கால் வைப்பார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஒரு கால் ஏறியது. ஒரு கணம் நின்றது. பிறகு மறு காலும் ஏறியது.

புரட்டாசிக்குள் மழை இறங்கும் என்றார். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அவர் இறங்கிய இடத்தில் ரத்தம் இருக்கிறதா என்று மட்டுமே நான் தேடினேன். இல்லை.

வீட்டுக்கு வந்து அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்காலில் வெள்ளையாக ஒரு கோடு, தோல் பிரியவில்லை. இனி பேசலாம்தான். நான் வாயைத் திறக்கும் முன் அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"பொட்டு கீழ போயிருச்சு. பாத்தியா?"

சாமி வந்தவருக்கு எதுவும் தெரியாது என்றல்லவா நான் நம்பியிருந்தேன்.

"தெரிஞ்சுமா ஏறுனீக?"

"ஊரே மழைக்கு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிது. என்னன்னு சொல்லி எறங்க?"

பிறகு வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சாமி எம்மேல வர்றது நின்னு மூணு நாலு வருசமாச்சு புள்ள. கட்டு இருக்குங்கிற தைரியத்துலதான் ஏறிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு அதும் இல்லாமலே நின்னுட்டேன். இனி எத நெனச்சு ஏற?"

இத்தனை வருசம் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். மழை வந்தால் அடுத்த ஆடிக்கும் அவரைத்தான் ஏறச் சொல்வார்கள். வராவிட்டாலும் அவரைத்தான் ஏறச் சொல்வார்கள்.