பல் சாய்ந்த ஆக்ஸில்

சந்திரமோகன் வண்டிகளை அடியில் படுத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். மேலே என்ன நிறம் என்று கேட்டால் யோசிப்பார். திருக்கனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தொன்பது வயதில் லேத் வேலைக்கு வந்து, முப்பதில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டார். கியர்பாக்ஸ், ஆக்ஸில் தவிர வேறெதையும் தொடமாட்டார். அவர் கைபட்ட வண்டி திரும்பி வராது என்று பெயர்.

பிரேம்குமார் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வந்தான். அரியாங்குப்பத்துக்காரன், கப்பல் வேலையில் இருப்பவன், முப்பது வயது. நான்கு சக்கரமும் இழுக்கும் வெளிநாட்டு கார் ஒன்றைப் பழசாக வாங்கி, சென்னையில் கொடுத்து இன்ஜின் சக்தியை இரண்டு மடங்காக்கியிருந்தான். வழுக்காத ரேஸ் கிளட்ச், அகலமான டயர் எல்லாம் போட்டிருந்தான். பின்பக்கம் ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் ஒழுகியது. சந்திரமோகனிடம் வந்த வேலை அவ்வளவுதான்.

சக்கரத்தைச் சுழற்றும் வலப்பக்க ஆக்ஸில் ஷாஃப்டை உருவித் துடைத்தபோது அவர் கண்ணில் பட்டது. முனையில் நேர்கோடாக இருக்க வேண்டிய பற்கள், முறுக்கிய கயிற்றின் புரிபோல லேசாகச் சாய்ந்திருந்தன. இரும்பு ஒருமுறை முறுகி, திரும்பி வரமுடியாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். மாற்ற வேண்டும். புதுசு வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதமாகும். அதுவரை வண்டி ஷெட்டின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வாசலில் இரண்டு வேன்கள் காத்திருந்தன.

அவர் எதுவும் சொல்லவில்லை. ஷாஃப்ட் பக்கம் மாறிவிடக் கூடாதென்று வழக்கம்போல கூர் உளியால் அதன்மேல் இரண்டு புள்ளி தட்டினார், கிரீஸ் அடைத்தார், புது ரப்பர் உறையை இழுத்து மூடினார்.

"ஓட்டலாமாண்ணா?" என்று கேட்டான் பிரேம்குமார்.

"ஓட்டு."

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, அரியாங்குப்பம் சாலையில் சிக்னல் விழுந்ததும் பிரேம்குமார் ஒரே மிதியாக மிதித்தான். பின்னால் ஏதோ முறிந்தது. முன்சக்கரங்கள் இழுத்ததால் வண்டி நிற்காமல் பாய்ந்தது. முறிந்த துண்டு சக்கரத்தோடு சேர்ந்து சாட்டைபோலச் சுழன்று, பிரேக் குழாயை அறுத்தது. அடுத்த திருப்பத்தில் அவன் பிரேக்கை மிதித்தபோது பெடல் பாதிக்கு மேல் இறங்கிப்போனது. வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நின்றது. நடுவில், தலையில் மீன் அன்னக்கூடையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த அமுதவல்லி இருந்தாள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவள் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரித்த இன்ஸ்பெக்டரை சந்திரமோகனிடம் அழைத்து வந்தவனே பிரேம்குமார்தான். "ஆக்ஸில் பத்தி இவருக்குத்தான் சார் தெரியும்" என்றான்.

முறிந்த ஷாஃப்டை மேஜைமேல் வைத்துவிட்டு, ஏன் முறிந்தது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இந்த வண்டியில முன்சக்கரந்தான் சார் அதிகமா இழுக்கும். பின்சக்கரம் வழுக்குற எடத்துல கை குடுத்தா போதும். அதுக்கேத்த பருமன்லதான் பின் ஆக்ஸில் செஞ்சிருக்கான். இவங்க சக்திய ஏத்திட்டாங்க. ஒரே மிதியா மிதிச்சா வண்டி பின்னால குந்தும், முன்சக்கரம் லேசாயிடும், இழுப்பெல்லாம் பின்னால வந்து விழும். பழைய டயரு, பழைய கிளட்சா இருந்தா ஏதாவது ஒண்ணு வழுக்கி விட்டுக் குடுத்துடும். இப்ப எதுவும் விட்டுக் குடுக்கல. கடைசியில இதுதான் முறியணும்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். ஷாஃப்ட் முறிந்த இடத்தின் ஓரத்தில் பிறைபோலப் பழுப்பாக ஒரு கறை. மீதி புது வெள்ளிபோல மின்னியது. அந்தப் பழுப்பு பல நாள் விரிசல் என்று சந்திரமோகனுக்குத் தெரியும்.

"இந்த ரெண்டு புள்ளி என்னது?"

"ஏதோ அடையாளம் சார்."

பிரேம்குமார் தலை குனிந்தபடி, "எல்லாம் என் தப்புதான்ணா" என்றான்.

அன்றிலிருந்து அவர் கண்ணில் எல்லாம் சாயத் தொடங்கியது. சீப்பை எடுத்தால் பற்கள் ஒருபக்கமாக முறுகித் தெரிந்தன. ஜன்னல் கம்பிகள், மனைவி தனக்கொடி துணி உலர்த்தும் கொடி, பாலத்தின் கைப்பிடித் தூண்கள், எதுவும் நேராக இல்லை. கண் டாக்டர் குறையொன்றுமில்லை என்றார். சோற்றில் கை வைத்துவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கொடி பலமுறை கேட்டபிறகு நடந்ததைச் சொன்னார்.

அவள் தட்டை ஓரமாக நகர்த்திவைத்தாள். பிறகு, "அந்தம்மாவப் போய்ப் பாரு" என்றாள்.

நான்கு மாதம் கழித்து வீராம்பட்டினத்தில் அமுதவல்லியின் வீட்டைத் தேடிப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அன்னைக்கே நீ அத மாத்தியிருந்தா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுக்கா."

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "அந்தப் பையன் வாராவாரம் வந்து இதே எடத்துல நின்னு அழுவறான். அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எங்கிட்ட சொல்லி எனக்கு இன்னாய்யா? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு."

சொன்னார். அந்தப் புள்ளிகள் தன்னுடையவை என்றும், பற்கள் சாய்ந்திருந்தது தெரிந்தே மூடியதாகவும் இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழக்கில் அவர் பெயரும் ஏறியது. பிரேம்குமார் ஷெட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று அவரைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தார். திரும்பிப் போனவன் பிறகு வரவேயில்லை. வேன்காரர்களும் குறைந்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. சில நாட்களில் கம்பிகள் இப்போதும் சாய்ந்துதான் தெரிகின்றன.

போன தை மாதம் ஒரு காலையில், இருபக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், பின்னால் மீன் பெட்டியோடு அமுதவல்லி ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"பின்னால கடகடங்குது. இன்னான்னு பாரு."

மட்கார்டில் ஒரு ஸ்க்ரூ லூசாகியிருந்தது. ஒரு நிமிட வேலை. முடுக்கினார். பிறகு அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான்கு சக்கரங்களையும் கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யோவ், ஸ்க்ரூன்னு சொன்ன. மொத்தத்தையும் பிரிச்சிப் போட்டுட்ட? மீனு கெட்டுப் போவுதுய்யா!"

"பாத்துடறேங்க்கா."

மாட்டி முடிக்கும்போது பதினொன்றரை. ஓட்டிக் காட்டச் சொன்னார். அவள் திட்டிக்கொண்டே தெருமுனைவரை போய்த் திரும்பினாள். சத்தமில்லை. இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். அப்போதும் சத்தமில்லை.

"போதுமா?"

"இன்னும் ஒரே ஒரு தரங்க்கா" என்றார் சந்திரமோகன்.