எங்கள் வில்லாளி எதிரியான ஞாயிறு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கல்யாணமாகி முத்தாபுதுப்பேட்டைக்கு வந்தேன். அங்கே கொழுந்தனார் பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரை மாட்டி வைத்திருந்தார். வேலை கற்றுக்கொள்ளத்தான் அது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் உட்கார்ந்தது நானும் என் நாத்தனாரும்தான்.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டுகளுக்கு சால்டரிங் வைக்கும் வேலை பார்த்தாள். விரல்களில் அப்படி ஒரு வேகம். கொழுந்தனார் கொண்டுவந்த ஒரு சிடியில் இருந்த விளையாட்டு எங்களைப் பிடித்துக்கொண்டது. வறண்டுபோன நாட்டில் நான்கு பேர், ஆற்றை மறித்து வைத்திருக்கும் அரசனைத் தேடிப் போகிறார்கள். வழியெல்லாம் சண்டை. ஜெயிக்க ஜெயிக்க அவர்களுக்குப் பலம் கூடும். நடுநடுவே திரையின் அடியில் இங்கிலீஷில் பேச்சு வரும்.

பேச்சு வந்தாலே அவள் பட்டனைத் தட்டித் தட்டித் தள்ளிவிடுவாள். நான் கையைப் பிடிப்பேன்.

"சண்டை போடத்தானே குந்திக்கினு கீறோம், அண்ணி? கதை வேணும்னா டிவில நாடகம் ஓடுது, போய்ப் பாருங்க."

யாரை எதற்கு அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தால் அது கொசு அடிப்பது மாதிரிதான் என்றேன் நான். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். கீபோர்டு அவளுக்கு. பேச்சு வந்தால் நான் படித்துத் தமிழில் சொல்லும்வரை அவள் பொறுத்திருக்க வேண்டும். பின்னால் துணி மடித்துக்கொண்டே மாமியாரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

நால்வரில் ஒருத்தி வில்லாளி. நாத்தனாருக்கு அவள்தான் செல்லம். கிடைத்த நல்ல வில், நல்ல கவசம் எல்லாம் அவளுக்கே போகும். எனக்கோ அவள்மீது சந்தேகம். அவளுடைய தம்பி அரசனின் சிறையில் இருப்பதாக ஒரு கிராமத்தில் படித்திருந்தேன். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. நான் இதைச் சொன்னபோது நாத்தனார் சிரித்தாள்.

அணைக்கட்டின் வாசலை அடைந்த ஞாயிறு, வில்லாளி இரண்டடி முன்னால் போய்த் திரும்பி நின்று எங்களைப் பார்த்து வில்லை வளைத்தாள். எங்களைத் தடுத்தால் தம்பியை விடுவதாக அரசன் வாக்குக் கொடுத்திருந்தான். நான் படித்து முடிப்பதற்குள் எங்கள் ஆள் ஒருவன் ஒரே அம்பில் சாய்ந்தான்.

"நாம குடுத்த வில்லு, அண்ணி அது" என்றாள் நாத்தனார்.

தோற்றோம். மறுபடி ஆரம்பித்தோம். வில்லாளியை அடி என்று நான் கத்தினேன். தன்னால் முடியாது என்று நாத்தனார் கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். எனக்கும் கை வரவில்லை. அவளே திரும்ப இழுத்துக்கொண்டு, முறை வரும்போதெல்லாம் கேடயத்தை மட்டும் தூக்கினாள். அம்புக்கு மேல் அம்பு வந்தது. எங்கள் பலம் தேய்ந்துகொண்டே போனது. இது முட்டாள்தனம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் கேடயத்தையே தூக்கினாள்.

திடீரென்று அம்புகள் நின்றன. திரையின் அடியில் ஒரு வரி. அவசரமாகப் படித்துச் சொன்னேன்.

"ஏன் என்னைத் திருப்பி அடிக்கலைன்னு கேக்குறா!"

இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம். நான் வரி விடாமல் படித்த பேச்சில் எங்குமே, அடிக்காமல் நின்றால் வில்லாளி மனம் மாறுவாள் என்பதற்கு ஒரு துப்பு இல்லை. நான் படித்துச் சொல்லியிருக்காவிட்டால் நாத்தனார் அடிக்கத் தயங்கியிருக்க மாட்டாள். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்காவிட்டால், நான் என்ன படித்தாலும் அது வெறும் எழுத்துதான். கதை பெரிதா, ஆட்டம் பெரிதா என்று அத்தனை ஞாயிறும் மல்லுக்கட்டியவர்கள் நாங்கள்.

"மெதுவா படிங்க அண்ணி. ஒன்னையும் உட்டுடாதீங்க" என்றாள் நாத்தனார்.

வில்லாளி வில்லைக் கீழே வைத்தாள். தம்பி அடைபட்டிருக்கும் கோபுரம் எங்கே என்று சொன்னாள். அடுத்து அரசனா கோபுரமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் துணியை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் அருகே வந்து நின்றார்.

"ராஜா எங்கியும் ஓடிட மாட்டான். மொதல்ல அந்தப் புள்ளைய கூட்டிகினு வாங்க."

நாத்தனார் கோபுரத்தின் பக்கம் எங்கள் நால்வரையும் திருப்பினாள்.