கோப்பில் இல்லாத பாட்டில்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஒருத்தி, நாற்பத்தைந்தாவது வயதில் மாலை நேரச் சட்டக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தால் நாலு பேர் சும்மா இருப்பார்களா? வேதியியல் படித்தவளுக்குச் சட்டம் எதற்கு என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் மூன்று வருஷப் படிப்பில் சேரலாம் என்று விதிமுறையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள். வெளியூரில் இருக்கும் தம்பி மட்டும் விடவில்லை.

"அக்கா, வக்கீலுக்குப் படிச்சு யார் மேல கேஸ் போடப் போற?"

"உன் மேலதான். என் சைக்கிளை உடைச்சியே, அதுக்கு."

உண்மையான காரணத்தை அவனிடமும் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே அவளுக்குக் கல்யாண வயது கழிந்துபோயிருந்தது. அதற்காக அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. ஆனால் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, வேலை முடிந்து வந்து கதவைத் தாழிட்டால் மறுநாள் காலை வரை தன் குரலே தனக்குக் கேட்காது. கல்லூரி ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிந்தது. அந்த நேரத்தில் தையல் வகுப்பு நடந்திருந்தால் அங்கே போய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. முதல் தேர்வில், 'இந்த ஒப்பந்தம் செல்லுமா?' என்ற கேள்விக்கு நோக்கம், சோதனை, முடிவு என்று தலைப்புகள் போட்டு, 'முடிவு: செல்லாது' என்று அடிக்கோடிட்டுக் கொடுத்துவிட்டாள். ஆசிரியர் தாளைத் தூக்கிக் காட்டினார். "இது ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் இல்லம்மா. ஏன் செல்லாதுன்னு வாதாடணும்." வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் 'லேப் மேடம்.'

பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் விட்டார்கள், கதவைத் திறந்து பிடித்தார்கள். அவள் பக்கத்தில் வந்தால் அரட்டையை நிறுத்திவிட்டு "சொல்லுங்க மேடம்" என்றார்கள். சொல்ல அவளிடம் என்ன இருந்தது? மரியாதை கொடுத்தே ஒரு ஆளை ஒதுக்கி வைக்க முடியும் என்பதை அவள் அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

இரண்டாம் வருஷம் மூட் கோர்ட் வந்தது. கற்பனையான வழக்கு ஒன்றின் கோப்பைக் கொடுத்து, நிஜ நீதிமன்றம் போலவே வாதாட வைப்பார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெண் மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால், மிச்சம் இருந்தது லேப் மேடம் ஒருத்திதான். அந்தப் பெண்ணின் அப்பா வக்கீல். வகுப்பில் அவளை 'சின்ன வக்கீல்' என்பார்கள். ஜெயித்தால் கல்லூரி அணியில் இடம் என்பதால் அவளுக்கு இது வாழ்வா சாவா. முகம் தொங்கிப்போய்த்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வழக்கு தண்ணீரைப் பற்றியது என்று தெரிந்ததும் அந்த முகம் நிமிர்ந்தது. கேன் தண்ணீர் குடித்து நோயில் விழுந்த குடும்பத்துக்கு இவர்கள் வக்கீல். கையில் இருந்த ஒரே ஆதாரம், தண்ணீரில் கிருமி இருக்கிறது என்ற ஆய்வறிக்கை.

"இது உங்க ஏரியா மேடம். நீங்க பாத்துக்குங்க."

மூன்று வாரம், வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து இருவரும் காலி அறையில் உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் 'மேடம்' போய் 'அக்கா' வந்தது. ஒரே பிஸ்கட் பாக்கெட்டுக்குள் இரண்டு பேர் கையும் போயின. "எங்கப்பா கோர்ட்ல பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தா ஊமைதான்க்கா" என்று அந்தப் பெண் சொன்னாள். லேப் மேடம் அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பகல் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜெயிப்பது அவளுக்குப் பெரிதில்லை. வழக்கு முடிந்த பிறகும் இந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. நீதிபதி நாற்காலியில் ஓய்வுபெற்ற நிஜ நீதிபதி ஒருவர். லேப் மேடம் அறிக்கையை அக்குவேறு ஆணிவேறாக விளக்கினாள். எதிர்த்தரப்புப் பையன்கள் வாயே திறக்கவில்லை. நீதிபதிதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அந்தத் தண்ணியைப் பிடிச்ச பாட்டில் சுத்தமானதாம்மா?"

கோப்பில் பாட்டிலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் உள்ளதைச் சொல்லி இருபத்திரண்டு வருஷம் பழகிய வாய் அது.

"சொல்ல முடியாதுங்க. வீட்டு பாட்டில்ல பிடிச்சிருந்தா, கிருமி பாட்டில்லேர்ந்தே வந்திருக்கலாம். அப்படி வந்தா எங்க லேப்ல வாங்கவே மாட்டோம்."

சின்ன வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து நிமிஷத்தில் வழக்கு போயிற்று. வெளியே வந்ததும், "அக்கா, உங்களை யாரு அதைச் சொல்லச் சொன்னா?" என்றாள்.

"அவர்தானே கேட்டாரு."

அந்தப் பெண் விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். மறுநாள் பின்பெஞ்சில் தன் தோழிகளோடு உட்கார்ந்துகொண்டாள். இதுவரை அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் யாருடைய பையோ ஒன்று இருந்தது. லேப் மேடத்துக்கு அழுகை வந்தது, இந்த வயதில் இதற்கா என்று வெட்கமாகவும் இருந்தது.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தருவதாக ஆசிரியர் அறிவித்தார். அதே வழக்கு, அதே நீதிபதி, பத்து நாள் அவகாசம். சின்ன வக்கீல் ஒரு தாளை நீட்டினாள். "அப்பாகிட்ட கேட்டேன். பாட்டிலைப் பத்திக் கேட்டா இதை மட்டும் சொல்லுங்க. இதுல பொய் ஒண்ணும் இல்ல."

பொய் இல்லைதான். பத்து நாளும் சமையலறையில் நின்று அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

மறுபடி வாதாடிய அன்று நீதிபதி விடாக்கண்டராய் அதே கேள்வியைக் கேட்டார். எவனோ அலம்பாமல் பிடித்த பாட்டில் லேப் மேடத்தின் கண்முன்னே நின்றது. பக்கத்தில் சின்ன வக்கீல் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அது கோப்பில் இல்லை, கனம் நீதிபதி அவர்களே. சந்தேகம் இருந்திருந்தால் ஆய்வாளரை எதிர்த்தரப்பு விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை."

ஜெயித்தார்கள். "கலக்கிட்டீங்கக்கா" என்று அந்தப் பெண் கட்டிக்கொண்டாள். வாசலிலிருந்து யாரோ, "டீ குடிக்கப் போலாம், எல்லாரும் வாங்க" என்றார்கள். லேப் மேடம் முகம் கழுவி, கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வராந்தாவில் ஒருவரும் இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டுவிட்டுப் போகவில்லை. மறந்துவிட்டார்கள், அதுதான் இன்னும் வலித்தது. எதிர்க்கடையில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வக்கீல் அவளைப் பார்த்துக் கையசைத்து, "தேங்க்ஸ்க்கா, பாத்துப் போங்க" என்றாள். கூப்பிட்டிருந்தால் லேப் மேடம் ஓடியிருப்பாள். பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

நிறுத்தத்தில் நின்றபோது தம்பியின் போன் வந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"ஜெயிச்சுட்டோம்டா."

"அட. ஒரே சத்தமா இருக்கே, எங்க இருக்க?"

"டீக்கடையில. பசங்க எல்லாரும் இருக்காங்க. எழுந்திருக்க விட மாட்டேங்கிறாங்க."

நாக்கு துளிகூடக் குழறவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்பாடா. இப்பதான்க்கா எனக்கு நிம்மதி. நீ தனியா கெடக்கிறியேன்னு மனசு கேக்காம ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணி உன் உயிரை எடுத்துட்டு இருந்தேன். இனிமே அந்தக் கவலை இல்ல."

இல்லடா, நீ பண்ணு என்று வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் டீக்கடை, பிள்ளைகள் என்று ஏன் பொய் சொன்னாள் என்பதை விளக்க வேண்டும்.

"ஆமாடா," என்றாள். "உனக்கு எப்ப முடியுதோ அப்ப பண்ணு."