எறிந்த கை

எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு வோபர்னில் ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. அதன் நீளச் சுவரில் கழகத்துக்குப் பெருமை சேர்த்தவர்களின் படங்கள் தொங்குகின்றன. அத்தனை பேரும் கிரிக்கெட் ஆடியவர்கள். போன வசந்தத்தில் அந்தச் சுவரில் என் கணவரின் படமும் வரவேண்டும் என்று நான்தான் முன்மொழிந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

அவர் பேஸ்போல் ஆடியவர், பந்தெறிபவர். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த வயதில் பள்ளிக்கூடத்தில் பழகி, பிறகு கழகத்தின் பேஸ்போல் அணிக்குத் தோள் போகும்வரை எறிந்தார். இப்போது அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. மேல்தட்டில் இருக்கும் மா போட்டுவைக்கும் பேணியைக்கூட நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். அந்த அணியும் கலைந்துவிட்டது. சுவரிலும் இல்லையென்றால் அவர் ஆடியதை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

பொதுக்கூட்டத்தில் என் முன்மொழிவை வாசித்துவிட்டுத் தலைவர் சிரித்தார்.

“தங்கச்சி, கிரிக்கெட்டிலை பந்தைப் போடவேணும். கையை மடக்கி எறிஞ்சா நோ போல். எறிஞ்ச ஆளுக்கு நாங்கள் படம் மாட்டுறதோ?”

மண்டபமே சிரித்தது. எங்கள் ஆட்களுக்கு இது தீராத வியாதி. தொலைக்காட்சியில் பேஸ்போல் போனாலும் “உவன் எறியிறான்” என்று குற்றம் பிடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணை, அங்கை எறியிறதுதான் வேலை. மீன்கடையிலை போய் ஏன் மீன் விக்கிறாய் எண்டு கேப்பியளோ?”

பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். “அன்ரி, அங்கிள் எறிஞ்ச மட்ச்சுகளிலை நாங்கள் வெண்டது குறைவுதானே?”

“ஓம், குறைவுதான். அவர் எறிஞ்சதை மற்றப் பக்கம் அடிக்கேல்லை. எங்கட பக்கமும் ஒண்டும் அடிக்கேல்லை. அது ஆரின்ரை பிழை?”

கேட்டவரே அந்த அணியில் மட்டை பிடித்தவர். உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். நான் முன்வரிசையில் இருந்து இரண்டு கையையும் தூக்கினேன். ஒன்றை இறக்கச் சொன்னார். ஆதரவை எண்ணினார், பிறகு எதிர்ப்பை எண்ணினார்.

“சரிசமன். சமனெண்டால் இல்லைதான், தங்கச்சி. குறை நினையாதேங்கோ.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் கடைசி வரிசையில் இருந்த என் கணவர் மேலேயே திரும்பியது.

“நீங்கள் ஏன் கை தூக்கேல்லை?”

“தூக்கினனான்” என்றார் மெதுவாக.

உண்மைதான். வலது கை இன்னும் இறங்கவில்லை. தோள் மட்டத்தில், முன்னால் இருந்தவரின் தலைக்குப் பின்னால் மறைந்து நின்றது. இடது கையைத் தூக்கியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எறிந்த கையைத்தான் தூக்குவது என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். இத்தனை காலமும் வாய் திறக்காத மனிதருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

“அண்ணை, திரும்ப எண்ணுங்கோ” என்றேன். “இவரின்ரை கை அவ்வளவுதான் எழும்பும். மிச்சத்தை உங்கட கழகத்துக்கு எறிஞ்சு முடிச்சிட்டார்.”

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசைவரை நடந்து வந்தார். அந்தக் கையைப் பார்த்தார். ஆதரவில் ஒன்று கூட்டினார்.

படம் இப்போது கிரிக்கெட்காரர்களுக்கு நடுவில் தொங்குகிறது. கதிரையில் ஏறி ஆணி அடித்தது நான்தான். அவருக்கு எட்டாது.