உள்ளங்கையில் தேய்த்த ஸ்காட்ச்

போன ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில் சகலை வீட்டு மாடியில் ஒரு ஸ்காட்ச் பாட்டிலைத் திறந்தார்கள். விலை குறைந்த பிளெண்டட் ரகம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தேன். "என்ன சகலை, சந்தனமா பூசுறீங்க?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அந்த வாடை வந்தாலே எனக்கு என் பழைய மேனேஜர் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் நான் தற்காலிக குமாஸ்தா. "வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் தேதி வைப்போம்" என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மேனேஜர் தணிகாசலம் சார். அவர் ஒரு மதியம் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டே, "உங்க சித்தப்பா துபாய்ல இருக்காராமே? வரும்போது ஒரு ஸ்காட்ச் கொண்டாரச் சொல்லுப்பா. சுமாரான விலையில போதும்" என்றார். சரி சார் என்று தலையாட்டி, அன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

சித்தப்பா கொண்டுவந்தார். ஆனால் அவர் சங்கதி வேறு. முந்தைய தடவை அவர் கொடுத்த ஃபாரின் சென்டை என் நண்பன் ரஃபி மோந்து பார்த்து, "உள்ளூர் சரக்கு மச்சான்" என்று முடித்திருந்தான். ரஃபிக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அத்தர் கடை. மூக்கு அப்படி. போலிச் சரக்கு குடித்துக் கண் போனவன் கதையை டீக்கடைக்கு டீக்கடை சொன்ன காலம் வேறு. சாருக்குக் கண் போனால்? வேலை போகும், கல்யாணம் போகும், நான் ஜெயிலுக்குப் போவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாட்டிலின் நிறமே டீ டிகாக்‌ஷன் மாதிரி தெரிந்தது.

மூன்று நாள் தவித்துவிட்டு ரஃபி கடைக்கு எடுத்துப் போனேன். அவன் குடிக்காதவன், பாட்டிலைத் தொடவும் மாட்டான். "நீயே தொற. உன் கையில தேய்ச்சுக்கோ. நான் மோந்து மட்டும் பாக்குறேன்." அத்தரைச் சோதிப்பதுபோலவே என் கையைப் பிடித்து ஒருமுறை மோந்தான். காயவிட்டு மறுபடி மோந்தான். "ஸ்பிரிட்டு பறந்துடுச்சு. அடியில தானிய வாசம் நிக்குது, கொஞ்சம் புகை. எசன்ஸ் கலந்திருந்தா வெறும் தித்திப்புதான் நின்னிருக்கும். அசல் மச்சான்."

எனக்கு உயிர் வந்தது. மூடியைத் திருகும்போதுதான் அவன் மெல்ல, "ஆமா, சீல் ஒடஞ்சிடுச்சே. இத எப்படிக் குடுப்ப?" என்றான். அத்தர் கடையில் எந்தக் குப்பிக்கும் சீல் கிடையாது. அந்தப் பழக்கத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் புத்தி எங்கே போயிற்று!

நடந்ததைச் சொல்லியே சாரிடம் கொடுத்தேன். மூடியைத் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"இது எனக்கில்லப்பா. ஹெட் ஆபீஸ்ல ஆள் குறைக்கிறாங்க, லிஸ்ட்ல என் பேர் இருக்கு. அங்க ஒருத்தரப் பாக்கும்போது குடுக்கலாம்னு நெனச்சேன். தொறந்ததக் குடுத்தா நல்லாருக்காது."

அவருக்கும் பயம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இரண்டு டீ கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். எனக்குத் தொண்டை எரிந்தது. அவர் நாக்கில் நிறுத்தி நிதானமாக விழுங்கி, "உன் ஃப்ரெண்டு சரியாத்தான் சொல்லியிருக்கான். நல்ல சரக்கு" என்றார். பிறகு என் நிரந்தர உத்தரவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணப் பத்திரிகை வந்ததும் முதல் கவர்மேல் அவர் பெயரைத்தான் எழுதினேன். எடுத்துக்கொண்டு போனால், அவருடைய குரோம்பேட்டை வீடு பூட்டியிருந்தது. "காலி பண்ணி ஒரு வாரமாச்சே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த வீடும் இப்போது இல்லை, கம்பெனியும் இல்லை. ரஃபி கடையில் யாரோ செல்போன் விற்கிறார்கள். அன்று போட்ட கையெழுத்தில்தான் என் குடும்பம் நின்றது. அவருக்கு வேறு வேலை கிடைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.